கதை வகுப்பும் என் மடலும்

புத்தாண்டு வந்தாலே என் மாத மடலுக்குப் புது நிறம், புது எழுத்துரு. எழுத்து, மனநலம் ரெண்டும்தான் அதில் பேச்சு. பிரிக்பீல்ட்ஸ் கடையில் தே தாரிக் குடித்தபடி தோழி கேட்டாள்: "எல்லாம் சரி, படிக்கிறவங்க என்ன செய்யணும்?" என்னிடம் பதில் இல்லை.

1950-இல், இதே கோலாலம்பூரில், 'தமிழ் நேசன்' நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். கதை எழுதுவது எப்படி என்று பாடம் சொன்னதோடு விடவில்லை. வாசகர்களை எழுத வைத்து, வந்ததைப் படித்து மதிப்பிட்டார்கள். பங்கெடுத்தவர்களில் பலர் பின்னாளில் எழுத்தாளர்கள் ஆனார்கள். 1924-இல் தொடங்கிய நேசன் 2019-இல் நின்றது. அந்த வகுப்பைப் பற்றி இன்னும் பேசுகிறோம்.

நான் மூணு வருஷமா அறிவுரைதான் அனுப்பிக்கிட்டிருந்தேன். இந்த ஜனவரியில் நிறம் மாறாது. கடைசியில் ஒரு பயிற்சி மட்டும்: இன்று உங்களைக் களைப்பாக்கியது எது? பத்து வரி எழுதி அனுப்புங்க. எல்லாத்தையும் படிச்சுப் பதில் போடுறேன்.