தடுக்கி விழுந்தால் நஷ்டஈடு கிடைக்குமா? - ஒரு வரலாறு

முன்னுரை

'கீழே விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை' என்பது பழமொழி. பொது இடத்தில் தடுக்கி விழுகிறவர்கள் செய்வதும் இதைத்தான். தர்மபுரி பேருந்து நிலையத்தின் பக்கம் உடைந்த சாக்கடை மூடியில் ஒருவர் கால் வைத்து விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சுற்றுமுற்றும் பார்ப்பார், வேட்டியைத் தட்டிக்கொண்டு நடப்பார். "பாத்து நடக்கக் கூடாதா?" என்று அவருக்கே திட்டும் கிடைக்கும். கால் எலும்பு முறிந்தாலும் செலவு அவர் தலையில்தான்! மூடியைப் போடாதவரை யார் கேட்பது? இந்தக் கேள்விக்கு 200 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

இங்கிலாந்தில் தொடக்கம்

1788ஆம் ஆண்டு டெவன் என்ற ஊர்ப்பகுதியில் பழுதான பாலத்தில் ஒருவரின் வண்டி சேதமடைந்தது. அவர் அந்தப் பகுதி மக்கள் மீது வழக்குப் போட்டார். பொதுமக்களுக்குத் தொல்லை வருவதைவிட ஒரு தனி மனிதர் நஷ்டத்தைத் தாங்குவதே மேல் என்று நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. சாலையைப் பழுதுபார்க்காமல் விட்டதற்காக வழக்குப் போட முடியாது என்ற நிலையை மாற்ற அங்கே 1961இல்தான் சட்டம் வந்தது.

1964இல் இன்னொரு முக்கியமான தீர்ப்பு. லண்டன் நடைபாதையில் குழி தோண்டிய மின்வாரிய ஆட்கள், எச்சரிக்கைக்காக ஒரு கருவியை நீளமாகக் குறுக்கே வைத்திருந்தார்கள். பார்வையற்ற ஒருவர் அதில் தடுக்கி விழுந்து காது கேட்கும் திறனை இழந்தார். பார்வை உள்ளவர்களுக்கு மட்டும் எச்சரிக்கை வைத்தால் போதாது, பார்வையற்றவர்களும் அதே பாதையில் வருவார்கள் என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது.

குதிரைக்கு 350 ரூபாய்

இந்தியாவில் கதை ஒரு குதிரையில் தொடங்குகிறது. கல்கத்தா கிடர்பூரில் அரசுக் கப்பல் பட்டறை ஆட்கள் கனமான இரும்புத் துண்டை நடுரோட்டில் தூக்கிச் சென்றார்கள். குதிரை வண்டி நெருங்கியதும் பதற்றத்தில் கீழே போட்டுவிட்டார்கள். சத்தத்தில் மிரண்ட குதிரை அதன் மேல் மோதிக் காயப்பட்டது. வண்டி பி அண்ட் ஓ கப்பல் கம்பெனியுடையது. கேட்ட நஷ்டஈடு 350 ரூபாய்.

1861இல் தலைமை நீதிபதி பார்ன்ஸ் பீகாக், வணிகம் போன்ற வேலைகளில் அரசு ஊழியர் கவனக்குறைவாக நடந்தால் அரசு பொறுப்பு என்றார். அரசன் மட்டுமே செய்யக்கூடிய வேலைகளுக்குப் பொறுப்பு இல்லை என்றும் பிரித்தார். அந்தப் பிரிவினை சுதந்திரத்துக்குப் பிறகும் பல வழக்குகளில் தலைகாட்டியது.

மணிக்கூண்டும் மரமும்

1951இல் டெல்லி சாந்தினி சௌக்கில் நகராட்சி மணிக்கூண்டு இடிந்து பலர் இறந்தார்கள். கட்டி 80 ஆண்டு ஆகியிருந்தது. அந்த வகைக் கலவையின் ஆயுளோ 40-45 ஆண்டுதான். 1966இல் உச்ச நீதிமன்றம் நகராட்சியே பொறுப்பு என்றது. அது இடிந்ததே கவனக்குறைவுக்குச் சாட்சி!

ஆனால் 1975இல் ராஜ்கோட்டில் சாலையோர மரம் விழுந்து ஒருவர் இறந்தபோது முடிவு வேறு. ஒவ்வொரு மரத்தையும் தினமும் சோதிக்க முடியாது என்று 1997இல் நகராட்சியை விடுவித்தார்கள். 1999இல் டெல்லியில் பட்டுப்போன மரக்கிளை விழுந்த வழக்கில் நகராட்சி பணம் கட்ட வேண்டியிருந்தது. வித்தியாசம் இதுதான்: ஆபத்து கண்ணுக்குத் தெரிந்ததா, இல்லையா?

2025 அக்டோபரில் மும்பை உயர் நீதிமன்றம், மகாராஷ்டிரத்தில் சாலைக் குழியிலோ திறந்த சாக்கடைக் குழியிலோ இறந்தவர் குடும்பத்துக்கு 6 லட்சம், காயமடைந்தவருக்கு 50,000 முதல் இரண்டரை லட்சம் வரை தர உத்தரவிட்டது.

தர்மபுரியில் என்ன செய்யலாம்?

1965இல் சேலத்திலிருந்து பிரிந்த மாவட்டம் இது. இங்கே விழுந்தவர் முதலில் கேட்க வேண்டியது, இந்த இடம் யாருடையது என்பது. ஊருக்குள் தெரு என்றால் நகராட்சியாக இருக்கலாம், மாநிலச் சாலை நெடுஞ்சாலைத் துறை, தொப்பூர் வழியாகப் போகும் 44ஆம் எண் சாலை தேசிய நெடுஞ்சாலை ஆணையம்.

மோட்டார் வாகனம் சம்பந்தப்பட்டால்தான் விபத்துத் தீர்ப்பாயம். நடந்து போய் விழுந்தவருக்குப் பொதுவாக சிவில் கோர்ட்டு வழி. அரசு மீது வழக்கு என்றால் பொதுவாக 2 மாத நோட்டீஸ் தர வேண்டும். பள்ளத்தின் போட்டோ, பார்த்தவர் சாட்சி, மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் நகல் (ஏ.ஆர். காப்பி), மருந்து ரசீது எல்லாம் வேண்டும். மறுநாளே பள்ளத்தை மூடிவிட்டால் ஆதாரம் போச்சு! விழுந்தவர் கவனக்குறைவும் இருந்தால் தொகை குறையும். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் தருகிறது.

முடிவுரை

350 ரூபாய் ஒரு கப்பல் கம்பெனிக்குப் பெரிய பணமில்லை. ஆனாலும் கேட்டார்கள், அதனால் ஒரு சட்டமே பிறந்தது. கூலி வேலை செய்பவருக்குக் கால் முறிந்தால் மூன்று மாதச் சாப்பாடு போகிறது. அவர் கேட்காமல் போனால் மூடி திறந்தே கிடக்கும், நாளை அடுத்தவர் விழுவார். மீசையில் ஒட்டிய மண்ணை மறைக்க வேண்டியதில்லை, கோர்ட்டில் அதுவே சாட்சி.