வயல் நடுவுல ஒரு மண்டபம்

19ஆம் நூற்றாண்டுல அமெரிக்காவின் நெப்ராஸ்காவுக்குப் பிழைக்கப் போன செக் விவசாயிகள், வயல்வெளி நடுவுல சங்க மண்டபங்கள் கட்டினாங்க. நாடகம், நடனம், கூட்டம் எல்லாம் அங்கேதான், அவங்க தாய்மொழியில. ஆனா அந்த மண்டபங்களைத் தாங்கினது மரண சகாய நிதி. குடும்பத் தலைவர் இறந்தா, வீட்டுக்குப் பணம் போய்ச் சேரும்.

1854ல் செயின்ட் லூயிஸ்ல தொடங்கிய தாய்ச் சங்கத்தோட சில விதிகள் மேற்குப் பகுதிக் கிளைகளுக்குப் பிடிக்கல. வயசுக்குத் தகுந்த சந்தா வேணும், பெண்களும் உறுப்பினராகணும்னு கேட்டாங்க. நடக்கல. 1897ல் ஒமாஹாவுல பிரிஞ்சு, மேற்கு பொகீமிய சகோதர சங்கத்தை அமைச்சாங்க. அதுல பெண்களுக்கும் சம இடம் கிடைச்சது.

மண்டபம் கட்டுறது பெருமைதான். அதுக்குள்ள யாருக்கெல்லாம் இடம் இருக்குன்னும் நாம பார்க்கணும்.