இராவணன் மீசை: ஒரு கடற்கரைப் புல்லின் வரலாறு

புல் என்னும் சொல்லைத் தமிழர் இருவேறு கருத்தில் ஆண்டு வந்துள்ளனர். அற்பமானது என்பது ஒரு கருத்து. புன்மை, புல்லியர் என்னும் சொற்களில் அதனைக் காண்கிறோம். மற்றது நூலோர் கொண்ட கருத்து. தொல்காப்பியர் தமது மரபியலிலே, புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் வகுத்துரைத்தார். அவ்வகுப்பின்படி யாழ்ப்பாணத்தவரின் கற்பகதருவாகிய பனையும் புல்லே. தென்னையும் மூங்கிலும் புல்லே. இக்காலத் தாவரவியலார் பனையைப் புற்குடும்பத்தில் வைப்பதில்லை. எனினும் பனை, நெல், அறுகு ஆகிய மூன்றையும் ஒருவித்திலைத் தாவரங்கள் என்னும் ஒரே பெரும் பிரிவினுள் அடக்குகின்றனர். புறத்தோற்றத்தை நுணுகி நோக்கி உறவு காணும் முயற்சி நம்மவர்க்குப் புதியதன்று என்பதற்கு இது போதிய சான்றாகும்.

இப்பேச்சிற்கு நான் எடுத்துக்கொண்டது நெல்லைப் போல உணவு தருவதுமன்று. அறுகைப் போலப் பூசைக்கு உரியதுமன்று. வடமராட்சி கிழக்கிலே, வல்லிபுரத்திலிருந்து மணற்காடு, குடத்தனை, அம்பன், நாகர்கோவில் எனத் தென்கிழக்கே நீளும் மணற்கரையில் நடந்தோர் காலில் குத்தி அறிமுகமாகும் முட்புல் அது. அதனை இராவணன் மீசை என்பர். சிங்கள மக்கள் அதனை மகா ராவண ரேவுல, அஃதாவது இராவணனின் பெருந்தாடி, என்கின்றனர். மீசையோ தாடியோ, இலங்கையின் இருமொழியாளரும் ஒரே மன்னனின் முகத்தை இப்புல்லிலே கண்டனர் என்பது இன்புறத்தக்க ஒற்றுமையாகும்.

அதன் தோற்றத்தைச் சிறிது நோக்குவோம். இலைகள் சாம்பல் பூத்த பச்சை நிறமும், விறைத்து உட்சுருண்ட வடிவமும், ஊசிபோன்ற நுனியும் உடையன. தண்டுகள் மணலின்மேல் நெடுந்தூரம் படர்ந்தோடிக் கணுத்தோறும் வேர் ஊன்றுவன. பெரும்பாலான புற்களில் ஒரே பூவில் ஆணும் பெண்ணும் அமைந்திருக்க, இதிலே ஆண்பூ ஒரு செடியிலும் பெண்பூ வேறொரு செடியிலும் தோன்றும். பெண்செடியின் கதிர் நாற்புறமும் முட்கள் நீண்ட பெரும்பந்து போன்றது. முற்றியதும் அது காம்போடு கழன்று, காற்றின்வழி மணலில் உருண்டோடி, வித்துக்களை ஆங்காங்கே உதிர்த்துச் செல்லும். நீரில் விழுந்தால் மிதக்கும். கடற்கரைச் சிறுவர் துரத்தி விளையாடும் அம்முட்பந்து உண்மையில் இப்புல் தன் குடியை வேற்றிடத்திற்கு அனுப்பும் வாகனமாகும்.

இதனைப் பற்றிய எழுத்து வரலாறு மலையாளக் கரையிலே தொடங்குகிறது. கொச்சியில் ஒல்லாந்த ஆளுநராயிருந்த வான் ரீடு என்பார் இட்டி அச்சுதன் முதலிய நாட்டு வைத்தியரின் துணையோடு தொகுப்பித்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்னும் பெருநூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. அதன் இறுதித் தொகுதியிலே இப்புல் மலையாளப் பெயருடன் படமாக இடம்பெற்றது. அப்பெயர் எலிமுள் என நாம் எளிதில் உணரக்கூடியது. ஆகவே ஐரோப்பிய அறிஞர் இதனை முதலில் அறிந்தது இலத்தீன் பெயரால் அன்று. நம் அயல்மொழியினர் இட்ட பெயராலேயே.

பின்னர், நிக்கலாஸ் பேர்மன் என்னும் ஒல்லாந்த அறிஞர் 1768இல் வெளியிட்ட தமது இந்தியத் தாவர நூலில் இதற்கு ஸ்தீப்பா லித்தோரியா எனப் பெயரிட்டார். ஸ்தீப்பா என்பது வேறு புற்களுக்கு முன்னரே வழங்கிய சாதிப்பெயர். லித்தோரியா என்பது கடற்கரைக்கு உரியது எனப் பொருள்படும். மூன்றாண்டுகளின் பின் 1771இல் சுவீடன் நாட்டுப் பேரறிஞர் லின்னேயஸ், இப்புல் எந்தப் பழைய சாதியிலும் அடங்காது எனக் கண்டு, ஸ்பினிபெக்ஸ் என்னும் புதுச்சாதியை அமைத்தார். முள்ளை ஆக்குவது என்பது அதன் பொருள். இனப்பெயராக அவர் சேர்த்த ஸ்குவாரோசஸ் என்னும் சொல் கரடுமுரடாக விரிந்து நிற்கும் அதன் வடிவத்தைக் குறிப்பது.

இங்கே சாதி, இனம் என்னும் சொற்களை விளக்குதல் வேண்டும். நெருங்கிய உறவுடைய இனங்கள் பல சேர்ந்தது ஒரு சாதி. ஒரு தாவரத்தின் அறிவியற் பெயரில் முதற்சொல் சாதியையும் இரண்டாஞ்சொல் இனத்தையும் குறிக்கும். ஓர் இனத்தை வேறு சாதிக்கு மாற்றலாம். ஆனால் அதற்கு முதன்முதல் இட்ட இனப்பெயரே நிலைபெறவேண்டும் என்பது தாவரவியலாரின் பொதுவிதி. அவ்விதியின்படி மணிலாவிற் பணியாற்றிய அமெரிக்கத் தாவரவியலாளர் மெரில், லின்னேயஸ் அமைத்த சாதிப்பெயரையும் பேர்மன் இட்ட இனப்பெயரையும் இணைத்து, 1912இல் ஸ்பினிபெக்ஸ் லித்தோரியஸ் என்னும் பெயரை நிலைநாட்டினார்.

மாணவர்க்கு நேரும் ஒரு மயக்கமும் இதனால் தெளியும். பேராதனைப் பூங்காவின் தலைவராயிருந்த திறிமன் தொடங்கி, அவர் 1896இல் மறைந்தபின் ஜோசப் ஹூக்கர் நிறைவுசெய்த இலங்கைத் தாவரக் கைந்நூலின் ஐந்தாம் பகுதி 1900இல் வெளிவந்தது. புற்கள் அதிலேயே இடம்பெற்றன. அங்கே இப்புல் ஸ்குவாரோசஸ் என்றே வழங்கும். செனரத்ன எழுதிய ‘இலங்கையின் புற்கள்’ என்னும் நூல் 1956இலும், திருத்திய கைந்நூலின் புற்குடும்பத் தொகுதி 1994இலும் வெளிவந்தன. பழைய நூலையும் புதிய நூலையும் ஒப்புநோக்குவோர் இரண்டு புற்கள் உள என எண்ணலாகாது. புல் ஒன்றே, பெயரே இரண்டு.

இனி இச்சாதி பரவிய இடங்களைக் காண்போம். இதில் இன்று நான்கு இனங்களும் அவற்றிடையே தோன்றிய ஒரு கலப்பினமும் கொள்ளப்படுகின்றன. நம்முடைய இனம் இந்தியா, இலங்கை தொடங்கித் தென்கிழக்காசியா வழியாகத் தென்சீனம், தைவான் வரை சென்றிருக்கிறது. இரண்டாம் இனம் தாய்லாந்து, இந்தோனேசியா தொட்டு மேற்கு அவுஸ்திரேலியா வரை வளர்வது. மூன்றாவது அவுஸ்திரேலியாவின் தென், தென்மேற்குக் கரைகளுக்கு உரியது. நான்காவது அவுஸ்திரேலியாவின் கீழ்க்கரையிலும் நியூசிலாந்திலும் நியூ கலிடோனியாவிலும் காணப்படுவது. இவ்விறுதி மூன்றனுள் ஒன்றைப் பிரெஞ்சு அறிஞர் லாபிலார்டியேரும், இரண்டனை 1810இல் ரொபேட் பிறவுணும் விவரித்தனர். நான்கு இனங்களுள் இந்தியாவிற்கும் இலங்கைக்கும் உரியது ஒன்றே என்பதும், மற்ற மூன்றும் அவுஸ்திரேலியக் கரையைச் சார்ந்தன என்பதும் கருதத்தக்கன.

அவுஸ்திரேலியாவில் இப்பெயர்க்கு ஒரு விந்தை நேர்ந்தது. அந்நாட்டின் உட்பாலையிலே ஊசியிலைகளோடு திரள்திரளாக நிற்கும் ட்ரையோடியா என்னும் வேறொரு சாதிப் புல்லை அங்குள்ளோர் ஸ்பினிபெக்ஸ் என்றே அழைக்கலாயினர். குத்துவது ஒன்றே அவற்றின் பொதுமை, உறவு நெருங்கியதன்று. தோற்றத்தை மட்டும் கொண்டு பெயரிடுவோர் இவ்வாறு இடர்ப்படுவர்.

அங்ஙனமாயின் இராவணன் மீசையின் மெய்யான உறவினர் யாவர்? ரொபேட் பிறவுண் 1814இல் புற்குடும்பத்தை இருபெருங் கூட்டங்களாகப் பிரித்து வகுப்புமுறைக்கு அடிகோலினார். அவற்றுள் பனிக்கம் என்னும் சாமைச் சாதியின் பெயர்பெற்ற கூட்டத்திலே இப்புல் வைக்கப்படுகிறது. அண்மைக்காலத்தில் மரபணுக்களை ஒப்பிட்டோர் இன்னும் நெருங்கிச் சென்று, தினையும் கம்பும் அடங்கிய உட்கூட்டத்தில் இதனையும் சேர்த்துள்ளனர். குறிஞ்சிநிலத்துக் குறவர் புனங்காத்து விளைத்த தினைக்கும், நெய்தற்கரையில் பரதவர் காலிற் குத்தும் இம்முள்ளுக்கும் ஒரே முன்னோர் என்றால் அது வியப்பன்றோ!

குறிஞ்சி, நெய்தல் என்றதும் நம் முன்னோரின் மற்றொரு வகுப்புமுறை நினைவிற்கு வருகிறது. மரபியல் தாவரத்தை அதன் உடல் அமைப்பால் வகுத்தது. ஐந்திணையோ அதனை அது வாழும் நிலத்தோடு சேர்த்துக் கண்டது. நெய்தற்பாட்டில் அடும்பு வரும், வேங்கை வாராது. வடிவம் உறவைச் சொல்லும். நிலம் தொழிலைச் சொல்லும். லின்னேயஸ் இட்ட சாதிப்பெயர் வடிவத்தைக் குறிக்க, பேர்மன் இட்ட இனப்பெயர் நிலத்தைக் குறிக்கிறது. இரண்டும் சேர்ந்தே இன்று இப்புல்லின் முழுப்பெயர் ஆயின. ஆகவே இதன் உறவை அறிந்த நாம் இதன் தொழிலையும் அறிதல் வேண்டும்.

அத்தொழில் மணலைக் கட்டுவது. வாடையும் சோழகமும் மாறிமாறி வீசும் கரையிலே மணல் ஓரிடத்தில் நில்லாது. ஓடும் மணலை இப்புல்லின் இலைத்திரள் தடுக்கிறது. தடைப்பட்ட மணல் குவிகிறது. மணல் தன்னை மூடினால் புல் மேலெழுந்து புதுவேர் விடுகிறது. மேலும் மணல் குவிகிறது. இவ்வாறு புல்லும் மணலும் போட்டியிட்டு வளர்வதால் மணற்குன்று உருவாகிறது. அடம்பன் கொடியும் உடன்நின்று உதவும். மணற்காட்டில் மணலிற் புதைந்து சிதைந்து நிற்கும் பழைய தேவாலயம், கட்டற்ற மணல் யாது செய்யும் என்பதற்குக் கண்கண்ட சான்று. மணலைத் தடுக்கச் சவுக்கு நட்டதும் அக்கரையிலேயே. மனிதர் மரம் நட்டுச் செய்ய முயன்றதைப் புல் நெடுங்காலமாகத் தானே செய்து வந்துள்ளது.

மணற்குன்று நிற்பதால் வரும் பயன் இன்னும் பெரிது. ஆறில்லாத குடாநாட்டில் நாம் உண்ணும் கிணற்று நீர் யாவும் மழைநீர் நிலத்துட் புகுந்து, கீழுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்பதே. நன்னீர் உவர்நீரிலும் சிறிது இலேசானது. அதனால் கடல்மட்டத்திற்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், அதன்கீழ் ஏறக்குறைய நாற்பதடி நன்னீர் தாங்கப்படும் என வடகடற்கரை மணல்நிலங்களை ஆராய்ந்த அறிஞர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கண்டனர். மணல்மேடு மழையை உறிஞ்சி நீர்மட்டத்தை உயர்த்தி வைக்கிறது. மேட்டை அகழ்ந்து அந்நீர்மட்டம் ஓரடி தாழுமாயின், நாம் இழப்பது ஓரடி நீர் மட்டுமன்று. கீழிருந்து உவர் நாற்பதடி மேலேறுதற்கும் வழி திறக்கிறோம்.

வடமராட்சி கிழக்கின் மணல் கட்டட வேலைக்காகப் பல்லாண்டுகளாக அள்ளப்பட்டு வருகிறது. வீடு கட்ட மணல் வேண்டும் என்பதை எவரும் மறுக்கார். ஆயினும் எங்கே அள்ளலாம், எங்கே அள்ளலாகாது என்னும் வரையறையும் வேண்டும். கரையோரத்து முதல் மேட்டை, புல் படர்ந்து நிற்கும் மேட்டை, தொடாது விடுதல் அவ்வரையறையின் முதல் விதியாக இருத்தல் தகும். 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையில் ஏறிப் பல உயிர்களைக் கொண்டுசென்றது. அத்தகைய அலையை ஒரு புல் தடுக்கும் எனக் கூறுதல் மிகையாகும். ஆனால் ஆண்டுதோறும் வரும் மாரிக்கடலின் அரிப்பை எதிர்த்து நிற்பது அப்புல் கட்டிய மேடேயாகும்.

அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பது நம் நாட்டுப் பழமொழி. அக்கொடியோடு அருகே திரண்டு நிற்கும் முட்புல்லும் அம்மிடுக்கில் பங்குடையது. பாடசாலைகளில் இலைவகையும் பூவகையும் கற்பிக்கும் ஆசிரியர், மாணவரை ஒருநாள் மணற்காட்டுக்கு அழைத்துச் சென்று, ஆண்புல் எது, பெண்புல் எது என்று காட்டுவாராக. வேரோடு ஒன்றைப் பிடுங்க முயலச் செய்து, அதன் பிடி எத்தகையது என்பதையும் உணர்த்துவாராக. அவ்வாறு அறிந்த தலைமுறையின் கண்ணுக்கு அம்மேடு வெறும் மணலாகத் தோன்றாது. தம் கிணற்று நீரைக் காக்கும் அரணாகவே தோன்றும்.