விடுவிப்புப் பத்திரமும் தொடரும் தண்டனையும்: படைச்சேவை வரலாற்றில் ஒரு நோக்கு

படைவீரன் ஒருவன் சேவையிலிருந்து நீங்கும்போது பெறும் விடுவிப்புப் பத்திரம் வெறும் நிருவாக ஆவணமாகவே பொதுவாகக் கருதப்படுகின்றது. ஆயின், அவன் உழைத்த ஆண்டுகளுக்கு அரசு இடும் மதிப்பீடு அதுவேயாகும். ஓய்வூதியம், பதக்கம், அடுத்த தொழில் ஆகியன அதில் எழுதப்படும் காரணத்திலேயே பெரிதும் தங்கியுள்ளன. ஒருபாலுறவைக் காரணங்காட்டி வெளியேற்றப்பட்டோர் அக்காரணத்தை நீக்குவிக்க நடத்திய போராட்டத்தை இங்கு நோக்குவோம். குற்றத்தை நீக்கும் சட்டம், அக்குற்றத்தின் பேரால் எழுதப்பட்ட பத்திரத்தைத் தானாகத் திருத்திவிடுவதில்லை என்பதே அவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் முடிபு.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஐக்கிய அமெரிக்க இராணுவம், நீலத் தாளில் அச்சிட்ட ஒருவகைப் பத்திரத்தை வழங்கியது. அது கௌரவ விடுவிப்புமன்று, இழிவிடுவிப்புமன்று. இராணுவ நீதிமன்ற விசாரணையும் அதற்கு வேண்டியிருக்கவில்லை. ஒருபாலுறவினர் எனக் கருதப்பட்டோர் பலர் இவ்வாறே வெளியேற்றப்பட்டனர். 1941 டிசம்பர் முதல் 1945 ஜூன் வரை வழங்கப்பட்ட 48,603 நீலப் பத்திரங்களுள் 10,806 கறுப்பின வீரருக்குரியவை, அதாவது 22.2 சதவீதம். இராணுவத்தில் அவர்களது பங்கோ 6.5 சதவீதமே. விசாரணையற்ற ஓர் அதிகாரம் சமூகத்தில் வலுக்குன்றியோர் மீதே மிகுதியாகப் பாய்ந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

1944இல் இயற்றப்பட்ட படைவீரர் மீள்நிலைச் சட்டம் விடுவிப்புகளை மீளாய்வு செய்யும் சபைகளுக்கு வழிசெய்தது. 1947இல் நீலப் பத்திரம் ஒழிக்கப்பட்டது. ஆயினும் ‘விரும்பத்தகாத விடுவிப்பு’ என்னும் புதுப்பெயரில் அக்களங்கம் தொடர்ந்தது. வியட்நாம் போரில் பதக்கம் பெற்ற விமானப்படை வீரர் லெனார்ட் மட்லோவிச், 1975இல் தமது இயல்பைத் தாமே அறிவித்து வெளியேற்றப்பட்டார். அவரது விடுவிப்பு கௌரவ விடுவிப்பாக உயர்த்தப்பட்டது. தொழில் மீளக் கிடைக்கவில்லை. 1980இல் அவரை மீளச் சேர்க்குமாறு நீதிமன்றம் கட்டளையிட்ட பின்னரும் வழக்கு 1,60,000 டொலர் இழப்பீட்டுடன் இணக்கமாக முடிந்தது. தடை 2011 செப்டெம்பரிலேயே நீங்கியது. அதன் பின்னரும் பழைய பத்திரங்கள் பழையபடியே இருந்தமையால், 2023இல் முன்னாள் வீரர் சிலர் கூட்டு வழக்கொன்றைத் தொடுத்தனர். 2025இல் ஏற்பட்ட இணக்கமே அவற்றை எளிதில் திருத்த வழிவிட்டது.

பிரித்தானியாவின் நிலையும் இதனையொத்ததே. 1967இன் சட்டம் குடிமக்களுக்கு அளித்த விலக்கைப் படையினருக்கு அளிக்கவில்லை. 1999இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் அளித்த தீர்ப்பினையடுத்து, 2000 ஜனவரியில் தடை நீங்கியது. ஈதர்ட்டன் பிரபு தலைமையிலான மீளாய்வு 49 பரிந்துரைகளுடன் வெளியானதும், பிரதமர் மன்னிப்புக் கோரியதும் 2023 ஜூலையிலேயே நிகழ்ந்தன. வெளியேற்றப்பட்டோருக்கு 50,000 பவுண் வழங்கும் திட்டம் 2024 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. தடை நீங்கியதற்கும் ஈடு கிடைத்ததற்கும் இடையே ஏறத்தாழக் கால் நூற்றாண்டு கழிந்தது. இக்கால இடைவெளியில் மாண்டோருக்கு எப்பத்திரமும் பயன்தரவில்லை.

இவ்வரலாறு இலங்கைக்குப் புறம்பானதன்று. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகளும், 1949ஆம் ஆண்டு இராணுவச் சட்டமும் பிரித்தானியச் சட்ட மரபின் வழிவந்தவையே. 1995ஆம் ஆண்டுத் திருத்தம் 365அ பிரிவினைத் தளர்த்துவதற்குப் பதிலாகப் பெண்களையும் அதனுள் அடக்கியது. அப்பிரிவினைத் திருத்தும் தனியார் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என உயர் நீதிமன்றம் 2023இல் தீர்மானித்தது. எனினும் 2024இல் பாராளுமன்றம் கலைக்கப்படும்வரை அது நிறைவேறவில்லை.

கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையுள்ள கரையோர முஸ்லிம் ஊர்களை எண்ணிப் பார்ப்போம். தாய்வழிக் குடிமுறையும், மணமகன் பெண்வீட்டிற் குடியேறும் வழக்கமும் நிலவும் சமூகம் இது. இங்கு மாப்பிள்ளையின் தொழிலும் நடத்தையும் இரு குடிகளின் விசாரணைக்குரிய விடயங்களாகும். இத்தகைய ஊருக்குப் பணி இழந்து திரும்பும் ஒருவன் கையிலுள்ள பத்திரத்தின் காரணச் சொல், அவனை மட்டுமன்றி அவன் தாயையும் சகோதரிகளையும் தொடரும். சமய நெறி பற்றிய விவாதம் இச்சமூகத்துக்குரியது. அதனை நாம் இங்கு தீர்க்க முற்படவில்லை. ஆனால், சேவையாற்றியவனின் உழைப்பை அரசு எவ்வாறு பதிவுசெய்கின்றது என்பது குடியுரிமை பற்றிய வினா. இரண்டினையும் ஒன்றாக்குவது பொருந்தாது.

பதிவேட்டை மீளத் திறப்பது இந்நாட்டு நிருவாகம் அறியாத செயலன்று. படையிலிருந்து தப்பியோடியோர் சட்டபூர்வமாக விலகுவதற்கு அரசு பன்முறை பொதுமன்னிப்பு வழங்கியுள்ளது. 2024 ஏப்ரல், மே மாதங்களிலும் அவ்வாறு வழங்கியது. கடமையைக் கைவிட்டோருக்கு இயலுமாயின், கடமையிலிருந்து தள்ளப்பட்டோருக்கு ஏன் இயலாது? 365அ பிரிவு நாளை நீக்கப்படினும், அதனோடு முன்னைய பதிவுகளைத் திருத்தும் ஏற்பாடும் இடம்பெறல் வேண்டும். அன்றேல், பிற நாட்டார் கால் நூற்றாண்டு காத்திருந்து கற்றதை நாமும் அவ்வாறே கற்க நேரிடும்.