லாம்பெத் தாய்மாரின் கணக்குநோட்டு

வீடு வீடாகக் குடும்பச் செலவுக் கணக்கெடுக்கப் போனவள் நான். “இதுகளுக்குச் செலவழிக்கத் தெரியலை, அதான் கஷ்டப்படுதுங்க” என்று வசதியானவர்கள் சொல்லக் கேட்கும்போதெல்லாம் வயிறு எரியும். அந்தப் பேச்சுக்கு நான் அறிந்த மிகச் சரியான பதில் 1913இல் லண்டனில் புத்தகமாக வந்தது. எழுதியவர் மாட் பெம்பர் ரீவ்ஸ். நியூசிலாந்தில் பெண்களின் வாக்குரிமைக்காக உழைத்துவிட்டு லண்டனில் குடியேறியவர்.

1909இல் அவரும் ஃபேபியன் என்ற சோஷலிசச் சங்கத்தின் மகளிர் குழுத் தோழிகளும் லண்டனின் லாம்பெத் பகுதியில் பிள்ளைத்தாய்ச்சிகளைத் தேடிப் போனார்கள். பிரசவத்துக்கு முன்பிருந்து குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை சத்துணவுக்கென்று வாரம் 5 ஷில்லிங் கொடுத்தார்கள். பதிலுக்குத் தாய் வீட்டுச் செலவைக் காசு விடாமல் எழுதிவைக்க வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் கணவனிடமோ மூத்த பிள்ளையிடமோ சொல்லி எழுதவைத்தார்கள்.

இவர்கள் பிச்சையெடுத்தவர்கள் அல்ல. வாரம் 18 முதல் 30 ஷில்லிங் வரை சம்பாதித்த உழைப்பாளிகளின் மனைவிமார். அன்று ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங். அந்தச் சம்பளத்தில் ஏழெட்டு ஷில்லிங் வாடகைக்கே போனது. அப்புறம் கரி, சோப்பு. மிஞ்சியதில்தான் ரொட்டியும் உருளைக்கிழங்கும்.

கணக்கில் எல்லாரும் குறைசொன்ன ஒரு வரி இருந்தது: பிள்ளைக்கு வாரம் ஒரு பென்னி, ஈமச்சடங்குக் காப்பீடு. சாப்பாட்டுக்கே இல்லாதபோது இது எதற்கு என்று கேட்டார்கள். மாட் அந்த வரியை விடாமல் பின்தொடர்ந்தார். காப்பீடு இல்லாத வீட்டில் குழந்தை செத்தால், அநாதைப் பிணமாக அடக்கம் செய்ய மனமில்லாமல் கடன் வாங்குவார்கள். அந்தக் கடனை அடைப்பது மிச்சமிருக்கும் பிள்ளைகளின் வயிறு. அப்படியிருக்க, அந்த ஒரு பென்னியை ஊதாரித்தனம் என்று எப்படிச் சொல்வது?

ஓட்ஸ் கஞ்சி கொடுக்கக் கூடாதா என்ற உபதேசமும் அப்படித்தான். பாலும் சர்க்கரையும் இல்லாத கஞ்சி, எல்லாச் சமையலுக்கும் இருந்த ஒரே பழைய பாத்திரத்தில் அடிப்பிடித்து வந்தால் எந்தப் பிள்ளை வாயில் வைக்கும்? சொன்னவர்கள் அந்த அடுப்படியைப் பார்த்ததில்லை. கணக்கெடுக்கப் போன பெண்கள் வாராவாரம் பார்த்தார்கள். அவர்களுடைய எண்களுக்கு அத்தனை வலு வந்ததற்குக் காரணம் அதுதான் என்பேன்.

குறை தாயின் சாமர்த்தியத்தில் இல்லை, கூலியில் இருக்கிறது என்றார் மாட். குறைந்தபட்சக் கூலி வேண்டும், குழந்தைகளுக்கு அரசே உதவித்தொகை தரவேண்டும் என்று எழுதினார். லிவர்பூல் துறைமுகக் கூலிகளின் வீட்டுக் கணக்குகளை ஆராய்ந்த எலினார் ராத்போன் அந்த உதவித்தொகைக்காகப் பல ஆண்டுகள் போராடினார். 1945இல் சட்டம் வந்தது. பணத்தைத் தகப்பனிடம் கொடுக்கவிருந்த அரசை எதிர்த்து நின்று, தாயின் கைக்கே போகச் செய்தவர் அவர். முதல் குழந்தைக்கு அடுத்துப் பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் 1946 ஆகஸ்டு முதல் வாரம் 5 ஷில்லிங் கிடைத்தது. ராத்போன் அந்த ஜனவரியிலேயே இறந்துபோயிருந்தார்.