கணினி நினைவக மேம்பாடு

கணினி நினைவக மேம்பாடு என்பது பயன்பாட்டில் உள்ள ஒரு கணினியின் தற்போக்கு அணுகல் நினைவகத்தின் (ராம்) அளவைக் கூட்டுவதைக் குறிக்கும். வீட்டுக் கணினியில் பயனர் தாமே மாற்றக்கூடிய உறுப்புகளுள் இதுவும் ஒன்று. மெதுவாகிவிட்ட கணினிக்குப் பலரும் முதலில் பரிந்துரைக்கும் தீர்வும் இதுவே. எனினும், மெதுவாவதற்கு நினைவகப் பற்றாக்குறை காரணமாக இருந்தால் மட்டுமே இம்மேம்பாடு பயன் தரும். ஆகவே வாங்குவதற்கு முன் பற்றாக்குறை உண்மையில் உள்ளதா, அக்கணினி கூடுதல் நினைவகத்தை ஏற்குமா என்னும் இரண்டையும் அறிந்துகொள்ளல் வேண்டும்.

நினைவகமும் வேகமும்

இயங்கிக்கொண்டிருக்கும் நிரல்களும் அவை கையாளும் தரவுகளும் நினைவகத்தில் வைக்கப்படுகின்றன. இடம் போதாதபோது, அவ்வேளையில் பயன்படாத பகுதிகளை இயங்குதளம் வன்தட்டுக்கு மாற்றிவிட்டு, தேவைப்படும்போது மீண்டும் கொண்டுவருகிறது. இம்முறை மெய்நிகர் நினைவகம் எனப்படுகிறது. 1962 இல் இயங்கத் தொடங்கிய மான்செசுட்டர் பல்கலைக்கழகத்தின் அட்லசு கணினி இதனைக் கையாண்ட முன்னோடியாகும்.

நினைவகத்திலிருந்து ஒரு தரவைப் பெற ஏறத்தாழ 100 நானோநொடி ஆகும். சுழலும் வன்தட்டிலிருந்து பெற ஏறத்தாழ 10 மில்லிநொடி, அதாவது ஓர் இலட்சம் மடங்கு நேரம் ஆகும். திண்மநிலை வட்டில் (எசுஎசுடி) இவ்வேறுபாடு ஏறத்தாழ ஆயிரம் மடங்காகக் குறைகிறது. பற்றாக்குறை மிகும்போது கணினி தன் வேலையைச் செய்வதை விடத் தரவுகளை இடம் மாற்றுவதிலேயே நேரத்தைச் செலவிடுகிறது. இந்நிலையின் காரணங்களைப் பீட்டர் டென்னிங் 1968 இல் ஆராய்ந்து வெளியிட்டார்.

இதனால் நினைவகத்தின் பயன் சீராகக் கூடுவதில்லை. பற்றாக்குறை நீங்கும் வரை வேகம் வெகுவாகக் கூடும். நீங்கிய பின் மேலும் சேர்ப்பதால் குறிப்பிடத்தக்க மாற்றம் இராது.

பற்றாக்குறையை அறிதல்

பல நிரல்களைத் திறந்து வைத்துள்ளபோது மட்டும் கணினி திணறுவதும், ஒரு சாளரத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது வன்தட்டு விளக்கு இடைவிடாது மின்னுவதும் பற்றாக்குறையின் அறிகுறிகளாகும். இதனை உறுதிசெய்ய, வழக்கமாகச் செய்யும் வேலைகளை எல்லாம் ஒரே வேளையில் திறந்து வைத்துப் பின்வருவனவற்றைப் பார்க்கலாம்.

* விண்டோசு: பணி மேலாளரில் (டாசுக் மேனேசர்) நினைவகப் பகுதி
* லினக்சு: "ஃபிரீ" என்னும் கட்டளை. இதில் இடமாற்றுப் பகுதி (சுவாப்) எவ்வளவு பயன்படுகிறது என்பதும் தெரியும்
* மாக்: செயற்பாட்டுக் கண்காணிப்பு நிரலில் (ஆக்டிவிட்டி மானிட்டர்) நினைவக அழுத்தம் என்னும் வரைபடம்

வெற்று நினைவகம் குறைவாகக் காட்டப்படுவது மட்டும் பற்றாக்குறை ஆகாது. இன்றைய இயங்குதளங்கள் பயன்படாத இடத்தில் அண்மையில் படித்த கோப்புகளைத் தேக்கி வைக்கின்றன; நிரல்களுக்குத் தேவைப்படும்போது அவ்விடத்தை உடனே விட்டுக்கொடுக்கின்றன. எனவே நோக்க வேண்டியது வெற்று அளவை அன்று, நிரல்களுக்குக் கிடைக்கக்கூடிய அளவையும் இடமாற்றம் தொடர்ந்து நிகழ்கிறதா என்பதையுமே ஆகும்.

தேவையான அளவு

இயங்குதளங்களின் குறைந்தளவுத் தேவை காலந்தோறும் உயர்ந்து வந்துள்ளது. விண்டோசு எக்சுபி (2001) 64 மெகாபைட்டும், விசுட்டா (2007) 512 மெகாபைட்டும், விண்டோசு 7 (2009) 32 பிட் பதிப்புக்கு 1 கிகாபைட்டும், விண்டோசு 11 (2021) 4 கிகாபைட்டும் கோரின. இவை இயங்குவதற்கான எல்லையே அன்றி, வசதியாகப் பயன்படுத்துவதற்கான அளவு அல்ல. இன்று உலாவி, மின்னஞ்சல், ஆவணங்கள் ஆகியவற்றுக்குப் பொதுவாக 8 கிகாபைட்டு போதுமானது. நிகழ்படத் தொகுப்பு, புதிய விளையாட்டுகள், மெய்நிகர் கணினிகள் ஆகியவற்றுக்கு 16 கிகாபைட்டு அல்லது அதற்கு மேல் தேவைப்படும்.

பொருத்தப்பாடு

ஒரு தலைமுறை நினைவகத்தை மற்றொரு தலைமுறைக்குரிய செருகிடத்தில் பொருத்த இயலாது. மேசைக் கணினிகளுக்கான வகைகள் வருமாறு:

* டிடிஆர்: 184 முனைகள், 2.5 வோல்ட்டு
* டிடிஆர்2: 240 முனைகள், 1.8 வோல்ட்டு
* டிடிஆர்3: 240 முனைகள், 1.5 வோல்ட்டு
* டிடிஆர்4: 288 முனைகள், 1.2 வோல்ட்டு
* டிடிஆர்5: 288 முனைகள், 1.1 வோல்ட்டு

முனைகளின் எண்ணிக்கை ஒன்றாக இருப்பினும் அடிப்பக்க வெட்டு வேறிடத்தில் அமைந்திருக்கும். மடிக்கணினிகளுக்கு இவற்றினும் சிறிய வடிவம் உண்டு. சில மடிக்கணினிகள் 1.35 வோல்ட்டில் இயங்கும் டிடிஆர்3எல் வகையை மட்டுமே ஏற்கும்.

இவை தவிர மூன்று வரம்புகளையும் கருதல் வேண்டும்.

* தாய்ப்பலகை ஏற்கும் உச்ச அளவும் வெற்றுச் செருகிடங்களின் எண்ணிக்கையும். செருகிடங்கள் நிறைந்திருந்தால் பழையதைக் கழற்றிவிட்டுப் பெரியதை இட வேண்டும்.
* இயங்குதளத்தின் வரம்பு. வீட்டுப் பயன்பாட்டுக்கான 32 பிட் விண்டோசு பதிப்புகள் 4 கிகாபைட்டுக்கு மேல் பயன்படுத்துவதில்லை. அதிலும் ஒரு பகுதி முகவரிகள் பிற வன்பொருள்களுக்கு ஒதுக்கப்படுகின்றன.
* பற்றவைக்கப்பட்ட நினைவகம். பல மெல்லிய மடிக்கணினிகளிலும், 2020 முதல் வெளிவந்த எம் வரிசைச் சில்லுகளைக் கொண்ட மாக் மடிக்கணினிகளிலும் நினைவகத்தைப் பின்னர் கூட்ட இயலாது. இவற்றை வாங்கும்போதே அளவை முடிவு செய்தல் வேண்டும்.

வேகம் வேறுபட்ட இரண்டை ஒன்றாக இட்டால் இரண்டும் மெதுவானதன் வேகத்திலேயே இயங்கும். இரட்டைத் தடம் கொண்ட கணினிகளில் ஒரே அளவுள்ள இரண்டை உரிய செருகிடங்களில் இடுவது, குறிப்பாகத் தனி வரைகலை அட்டை இல்லாதபோது, கூடுதல் பயன் தரும்.

மேம்பாடு பயன் தராத நிலைகள்

கணினி தொடங்குவதற்கே பல நிமிடங்கள் ஆகுமாயின் காரணம் பெரும்பாலும் சுழலும் வன்தட்டே. அதே செலவில் திண்மநிலை வட்டு வாங்குவது சிறந்த தீர்வாகலாம். மெதுவான இணைய இணைப்பு, தீநிரல்கள், தூசி அடைந்து சூடேறும் மையச் செயற்பகுதி ஆகியவற்றையும் நினைவகம் சரிசெய்யாது.

விண்டோசு 10 க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்தது. விண்டோசு 11 நினைவகத்தோடு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புக் கூறையும் குறிப்பிட்ட செயற்பகுதிகளையும் கோருவதால், நினைவகத்தைக் கூட்டுவதனால் மட்டும் பழைய கணினி அதற்குத் தகுதி பெறாது. ஆனால் அக்கணினியில் லினக்சு நிறுவி மேலும் சில ஆண்டுகள் பயன்படுத்த எண்ணுவோருக்குக் கூடுதல் நினைவகம் உதவும்.

செலவு

நினைவகத்தின் விலை நிலையானது அன்று. 2025 இன் இறுதியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் விலை பெரிதும் உயர்ந்தது. உற்பத்தி குறைந்துவிட்ட பழைய தலைமுறை நினைவகம் புதியதை விட விலை கூடியதாகவும் இருக்கக்கூடும். அக்கணினியை இன்னும் எத்தனை ஆண்டுகள் பயன்படுத்துவோம் என்பதோடு ஒப்பிட்டே செலவை மதிப்பிடல் வேண்டும்.

பொருத்துதல்

மின்னிணைப்பைத் துண்டித்து, மடிக்கணினியாயின் மின்கலத்தையும் துண்டித்த பின்னரே பெட்டியைத் திறக்க வேண்டும். நிலைமின்னால் சில்லுகள் பழுதடையக்கூடும் என்பதால் முதலில் பெட்டியின் உலோகப் பகுதியைத் தொடுதல் நன்று. பொருத்திய பின், கணினி முழு அளவையும் காட்டுகிறதா என்று பார்த்து, மெம்டெசுட்86 போன்ற சோதனை நிரலை ஒருமுறை இயக்கலாம். பழுதான நினைவகம் கோப்புகளையும் சிதைக்கக்கூடும்.

இவற்றையும் பார்க்கவும்

* தற்போக்கு அணுகல் நினைவகம்
* மெய்நிகர் நினைவகம்
* தாய்ப்பலகை
* திண்மநிலை வட்டு