பைலட் இல்லாமல் போன சரக்கு

ட்ரோன்னு சொன்னா நமக்கு ஞாபகம் வர்றது கல்யாண வீட்டு வீடியோதான். இன்னைக்கு நான் பேசப்போற ட்ரோன் 2,700 கிலோ தூக்கும். ஒரு சின்ன லாரி லோடுன்னு வெச்சுக்கோங்க. பேரு கே-மேக்ஸ். வேலை பார்த்த இடம் ஆப்கானிஸ்தானின் ஹெல்மந்த் மாகாணம்.

ஏன் அங்கே? ரோடுதான் காரணம். அமெரிக்க மரைன் படையோட சின்னச் சின்ன முகாம்கள் பாலைவனத்தில் சிதறிக் கிடந்தன. சாப்பாடு, தண்ணீர், எரிபொருள் எல்லாம் பெரும்பாலும் லாரி வரிசைகளில்தான் போகும். வழியெல்லாம் தாலிபான்கள் புதைத்த வெடிகுண்டுகள். சண்டைக்கே போகாமல், தண்ணீர் கொண்டுபோன வழியில் செத்தவர்கள் உண்டு. இந்தப் போரைப் பற்றிப் படிக்கும்போது என்னை ரொம்ப உறுத்தின விஷயம் அது. சரி, வானத்தில் அனுப்பலாம்னா பைலட்டைச் சுடுவாங்க. அப்போ பைலட்டையே எடுத்துட்டா?

இதுக்காகப் புதுசா எதையும் கண்டுபிடிக்கலை. கே-மேக்ஸ் 1991-ல் முதல்முறையா பறந்த ஹெலிகாப்டர். காட்டில் வெட்டின மரத்தைக் கயிற்றில் கட்டித் தூக்கும் வேலைக்குப் பேர்போனது. மேலே ரெண்டு விசிறிகள், ஒன்றின் இடைவெளிக்குள் இன்னொன்று புகுந்து சுற்றும். வாலில் தனி விசிறி தேவையில்லை, அதனால இன்ஜின் சக்தி முழுக்கத் தூக்குறதுக்கே போகும். தன் எடையைவிட அதிக எடையைத் தூக்கிடும்! செய்தது கமான் கம்பெனி. அதை ஆரம்பிச்ச சார்லஸ் கமான்தான் ஓவேஷன் கிட்டாரையும் உருவாக்கினவர். நம்பவே முடியலை இல்ல? தானாகப் பறக்கும் தொழில்நுட்பம் லாக்ஹீட் மார்ட்டினுடையது.

2011 டிசம்பர் 17. கேம்ப் டுவையரிலிருந்து பெய்ன் என்ற சிறு முகாமுக்குச் சுமார் 1,600 கிலோ சரக்கு போய்ச் சேர்ந்தது. சீட்டில் ஆள் இல்லை. பாதையை முன்கூட்டியே கொடுத்துட்டு, தரையில் ஒருத்தர் கம்ப்யூட்டரில் கண்காணிச்சார், அவ்வளவுதான். ஆறு மாசச் சோதனைன்னு ஆரம்பிச்சது, 2014 வரைக்கும் நீண்டுச்சு. மொத்தம் ரெண்டே ஹெலிகாப்டர்கள், பெரும்பாலும் ராத்திரிப் பறத்தல். சுமந்த சரக்கு சுமார் 20 லட்சம் கிலோ. அத்தனையும் ரோட்டில் போகாத சரக்கு.

ஆனா 2013 ஜூனில் ஒண்ணு விழுந்துச்சு. யாரும் சுடலை. எதிர்பாராம பின்னாலிருந்து காற்று அடிக்க, கயிற்றில் தொங்கின சரக்கு ஊஞ்சல் மாதிரி ஆட ஆரம்பிச்சது. ஆட்டம் அடங்கலை, ஹெலிகாப்டரையும் சேர்த்து இழுத்துட்டுது.

கே-மேக்ஸ் படத்தைத் தேடிப் பாருங்க. பக்கவாட்டுக் கண்ணாடி வெளியே பிதுங்கி இருக்கும். பைலட் தலையை நீட்டிக் கீழே தொங்கும் மரத்தைப் பார்த்துப் பார்த்து ஓட்டணும்னு அப்படிச் செஞ்சிருக்காங்க. ட்ரோனா மாத்தினப்பவும் அந்தக் கண்ணாடியும் சீட்டும் அப்படியே இருந்துச்சு. குனிஞ்சு பார்க்கத்தான் ஆள் இல்லை. ஒரு பைலட் இருந்திருந்தா ஆட்டத்தை முன்னாடியே கவனிச்சிருப்பார்னுதான் எனக்குத் தோணுது. காப்பாத்தியிருப்பாரா, இல்ல அவரும் சேர்ந்து விழுந்திருப்பாரா, அதை என்னால சொல்ல முடியலை.

அன்னைக்கு யாருக்கும் காயமில்லை. 2014-ல் கே-மேக்ஸ் அமெரிக்கா திரும்பிடுச்சு. 2023-ல், இந்த ஹெலிகாப்டர் தயாரிப்பையே நிறுத்தப்போறதா கமான் அறிவிச்சது.